பட்டறிந்தவர் துணை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு ஆகிய ஊர்களைக் கடந்ததும் வருவது புதுக்குடியிருப்பு. வயலும் தோட்டமும் கடற்றொழிலும் இப்பகுதி மக்களுக்கு வாழ்வளிக்கின்றன. ஊரிலே அரசாங்க ஆதார வைத்தியசாலை உண்டு. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. அவ்வாறாயின், நோயுற்ற ஒருவர் வைத்தியசாலைக்குச் செல்லாதிருப்பதற்குக் காரணம் யாது என்று நேயர்கள் வினவக்கூடும். நடக்க வல்லவரைக் குறித்துக் கேட்டால் இவ்வினா நியாயமானதே. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் அற்றுப் பல ஆண்டுகளாக ஓர் அறைக்குள் கிடப்பவரைக் குறித்துக் கேட்டால், விடை அத்துணை எளிதன்று.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இத்தகையோர் பலர் உள்ளனர். 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் புதுக்குடியிருப்பும் அதன் சுற்றுப்புறமும் போர்க்களமாயின. அவ்வாண்டு பெப்ரவரி முற்பகுதியில் ஊரின் வைத்தியசாலையே எறிகணை வீச்சுக்கு இலக்காகி, நோயாளர் கரையோரத்துக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். பெப்ரவரி முதல் மே வரை, காயமுற்றோரும் உடன் சென்றோருமாக 13,000க்கும் அதிகமானவர்களைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாக வெளியேற்றியது. உயிர் தப்பியோருள் முதுகில் குண்டுச் சிதறல் பாய்ந்தவர்களும் இருந்தனர். போர் ஓய்ந்த பின்னரும் இவ்வூறு ஒழிந்துவிடவில்லை. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுவோர், கிணற்றில் தவறி விழுவோர், மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாவோர் ஆகியோருக்கும் இதே நிலை நேர்கின்றது.

இவ்வூறு யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் நன்று. முதுகெலும்பின் உள்ளே, மூளையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் நரம்புத் திரள் முண்ணாண் எனப்படும். முள்ளந்தண்டு வடம் என்பதும் இதுவே. மூளையின் கட்டளை உறுப்புகளுக்குச் செல்வதும், உறுப்புகளின் உணர்ச்சி மூளைக்கு மீள்வதும் இவ்வழியேதான். இது முற்றாக அறுபடுமாயின், அறுபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் நின்றுவிடுகின்றன. முதுகில் நேர்ந்த ஊறு கால்களை முடக்கும். கழுத்தில் நேர்ந்தது கைகளையும் சேர்த்து முடக்கும். சிதைந்த முண்ணாணை மீண்டும் இணைக்கும் வழியை வைத்தியம் இன்னும் கண்டறியவில்லை.

ஆயினும், இவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதல் நாளில் பட்ட காயமன்று. பின்னர் வரும் உபாதைகளே. அவற்றுள் முதன்மையானது அழுத்தப் புண். உணர்ச்சியுள்ளவர் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறார். உணர்ச்சியற்றவருக்கு அத்தூண்டுதல் இல்லை. எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தோல் சிவந்து, பின் கறுத்து, ஈற்றில் எலும்புவரை அழுகுகின்றது. நோவு இல்லாமையால் அவருக்கு அது தெரிவதில்லை. இரண்டாவது, சலப்பையின் கேடு. சிறுநீர் முற்றாக வெளியேறாது தேங்கினால் கிருமி தொற்றும். நாளடைவில் சிறுநீரகமும் பழுதாகும். மூன்றாவது, நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே ஊறுற்றவர்களுக்கு நேரும் திடீர் இரத்த அழுத்த உயர்வு. சிறுநீர்க் குழாய் அடைபடுவது போன்ற சிறு காரணத்தால் தலை வெடிப்பது போல் வலித்து, முகம் வியர்த்து, இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு ஏறிவிடும். உடனே அவரை நிமிர்த்தி இருத்தி, குழாயின் அடைப்பை நீக்கி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இம்மூன்றும் பெருமளவுக்குத் தடுக்கக்கூடியவை. படுக்கையில் இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தல், சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி உடலை உயர்த்தியோ சாய்த்தோ அழுத்தத்தைத் தணித்தல், கைக்கண்ணாடி கொண்டு தினமும் தோலைச் சோதித்தல், வைத்தியர் கூறும் ஒழுங்கில் சுத்தமான குழாயினால் சிறுநீரை வெளியேற்றுதல் ஆகியவையே அதற்கான வழிகள். இருந்தும், முண்ணாண் ஊறுற்றோர் அகாலத்தில் இறக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட 2 முதல் 5 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. வறிய நாடுகளில் நிலைமை மேலும் இரங்கத்தக்கது. வழி தெரிந்திருந்தும் மனிதர் மாள்வது ஏன்?

தூரமும் செலவும் ஒரு காரணம். உட்கிராமம் ஒன்றிலிருந்து கிளினிக்குக்கு வர முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும். தூக்கி ஏற்ற இருவர் வேண்டும். அவர்களின் ஒரு நாட் கூலி போய்விடும். ஆனால் அதனினும் வலிய காரணம் வெட்கம். சிறுநீர் கசிந்து உடை நனையுமோ, நாற்றம் வீசுமோ, அடுத்திருப்பவர் முகத்தைத் திருப்புவாரோ என்ற அச்சம் ஒருவரைக் கதவுக்குள் பூட்டிவிடுகின்றது. பெண்ணாயின் புண்ணைக் காட்டவும் நாணி, தாயிடமும் சொல்லாது மறைப்பாள். வேறொரு காரணமும் உண்டு. “இனி எழுந்து நடக்க இயலாது” என்று ஒரு முறை கேட்டவர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள்கொண்டுவிடுகிறார். வைத்தியர் கூறியது கால்களைப் பற்றி மட்டுமே. நோயாளி கேட்டதோ தம் வாழ்வு முழுவதையும் பற்றிய தீர்ப்பாக.

இவ்விடத்திலேதான் பட்டறிந்தவரின் துணை பயன்படுகின்றது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது ஊர் வழக்கு. அதே ஊறுபட்டு, அதே புண்ணைக் கண்டு, அதிலிருந்து மீண்டு வாழும் ஒருவர் சக்கர நாற்காலியில் முற்றத்துக்கு வந்து சேரும்போது, அவர் வாய் திறக்குமுன்னரே ஒரு செய்தி சொல்லப்பட்டுவிடுகின்றது. “தம்பி, எனக்கும் இப்படித்தான், உமக்குக் குழாய் எத்தனை நாளுக்கு ஒருக்கால் மாத்தினம்?” என்று அவர் கேட்டால், தாதியிடம் மறைத்ததை இளைஞன் அவரிடம் மறைக்கமாட்டான். அவர் தரும் அறிவும் நுணுக்கமானது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எப்படி, மணல் முற்றத்தில் சக்கரம் புதையாதிருக்க என்ன செய்வது, மாரி காலத்தில் மெத்தையை ஈரம் பிடிக்காது காப்பது எப்படி, கொதிக்கும் பாத்திரத்தை உணர்ச்சியற்ற தொடைமீது வைத்தால் என்ன நேரும் என்பவை வைத்திய நூலைவிட அனுபவத்திலேயே எளிதிற் கிடைப்பவை.

அவர் தொண்டு முற்றத்தோடு முடிவதில்லை. கிளினிக் நாளில் உடன் செல்கிறார். கிளினிக் கொப்பியை எடுத்துச் செல்ல நினைவூட்டுகிறார். நோயாளி சொல்லத் தயங்குவதைத் தாதியருக்கு எடுத்துரைக்கிறார். வைத்தியர் விரைந்து கூறியதை வீடு திரும்பியபின் மீண்டும் விளக்குகிறார். அடுத்த தவணைக்கு அவர் வரவில்லையெனில் காரணம் விசாரிக்கிறார். வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையே அறுந்துபோன தொடர்பை இவ்வாறு அவர் மீளவும் இணைக்கிறார்.

முல்லைத்தீவு மாவட்டத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக மேற்கே சென்றால், கண்டி வீதியில் அமைந்துள்ள மாங்குளத்தை அடையலாம். அங்கு நிலைகொண்டுள்ள “உயிரிழை” என்னும் அமைப்பு, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே ஒன்றுகூடி நடத்துவது. பிறர் இரக்கத்துக்குக் காத்திராது, தம்மைப் போன்றவரைத் தாமே தேடித் தாங்க வேண்டும் என்ற எண்ணமே அதன் அடிப்படை. அதே மாங்குளத்தில், ஆதார வைத்தியசாலையோடு இணைந்த புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் ஒன்று 2024ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. சிகிச்சை நிலையமும் பட்டறிந்தவர் அமைப்பும் ஒரே ஊரில் அமைந்தது வன்னிக்குக் கிடைத்த நல்வாய்ப்பு எனலாம்.

இவ்வெண்ணம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில், 1944ஆம் ஆண்டு லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் முண்ணாண் ஊறுற்ற போர்வீரருக்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். அதற்கு முன்னர் இத்தகையோருள் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். நோயாளரை ஒழுங்காகத் திருப்பிப் படுக்க வைப்பதில் அவர் கண்டிப்புக் காட்டினார். 1948ஆம் ஆண்டில் அங்கு 16 பேர் பங்குபற்றிய விளையாட்டுப் போட்டியே பிற்காலத்தில் பராலிம்பிக் விழாவாக வளர்ந்தது. ஒரே ஊறுற்றோர் ஒன்றுகூடும்போது ஒருவர்க்கொருவர் மருந்தாகின்றனர் என்பதை உலகம் அங்கே கண்டது.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் வைத்தியர் மேரி வர்கீஸ் 1954இல் வீதி விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்த அவர், பின்னர் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் உருவாக வழிவகுத்தார். அந்நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று சுற்றுக் கிராமங்கள் பலவற்றுக்குப் பணியாற்றுகின்றது. இவ்விருவரும் தம் ஊற்றை மறைத்து வெற்றி பெற்றவரல்லர். அதனையே பிறருக்குப் பயன்படும் அறிவாக மாற்றியவர்கள்.

எனினும் இத்தொண்டின் எல்லையை அறிந்திருத்தல் அவசியம். பட்டறிந்தவர் வைத்தியருக்கு மாற்றல்லர். ஆழ்ந்த புண்ணுக்கு மருந்து கட்டுவதும், காய்ச்சலுக்கு மாத்திரை விதிப்பதும் அவர் வேலையன்று; ஆபத்தை இனங்கண்டு காலந்தாழ்த்தாது வைத்தியசாலையில் சேர்ப்பதே அவர் வேலை. மேலும், பள்ளமும் மேடுமான பாதையில் நெடுநேரம் அமர்ந்து பயணம் செய்தால் அவருக்கே அழுத்தப் புண் உண்டாகும். தாம் சென்று பார்த்து வந்த நண்பர் இறந்தால், அத்துயரைத் தாங்கவேண்டியவரும் அவரே. ஆகவே, போக்குவரத்துச் செலவு, நியாயமான வேதனம், ஓய்வு, மேற்பார்வை ஆகியன அவருக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டும். நல்ல மனமுடையவர் என்பதற்காக அவரை வெறுங்கையுடன் அனுப்புவது முறையன்று. பெண்களை நாடிச் செல்லப் பெண்களே பயிற்றப்படுதலும் வேண்டும்.

அவர் அழைத்து வரும் நோயாளியை ஏற்க வைத்தியசாலையும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இந்நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கின்றது. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அவர்கள் நுழைந்து பயன்படுத்தும் வசதி இருத்தல் வேண்டும் என்கின்றன. சாய்தளம் ஒன்று, அகலமான கதவுள்ள மலசலகூடம் ஒன்று, உயரம் குறைந்த பரிசோதனைக் கட்டில் ஒன்று ஆகியன பெருஞ்செலவானவையல்ல. இவை இல்லாதவிடத்து, பல மாதங்கள் பேசிப் பேசி வெளியே கொணர்ந்த ஒருவர் வாசற்படியில் நின்றே திரும்பிவிடுவார். மறுமுறை அவரை அழைப்பது முன்னையதினும் கடினம்.

அயலவர்க்கும் இதிற் பங்குண்டு. ஒழுங்கை முடிவிலுள்ள வீட்டில் நெடுங்காலம் வெளிவராத ஒருவர் இருப்பாராயின், அவரைக் குறித்துக் குடும்ப சுகாதார உத்தியோகத்தருக்கோ கிராம அலுவலருக்கோ தெரிவிக்கலாம். கிளினிக் நாளில் ஒரு கை கொடுத்து வண்டியில் ஏற்றிவிடலாம். வளர்ந்த மகனைத் தனியே புரட்டிப் படுக்க வைக்கும் முதிய தாய்க்கு, அரை நாளேனும் ஓய்வளிக்கலாம். சிவந்த தோல் கறுக்குமுன் ஒருவர் அதனைக் கண்டு சொன்னால், பல மாத வைத்தியசாலை வாசம் தவிர்க்கப்படும். பல வேளைகளில் ஓர் உயிரும் காக்கப்படும்.