வயல் வடிகாலும் ஆகாயப் படமும்

சம்பாப் பயிருக்குத் தண்ணீர் வாராமையால் நேரும் நஷ்டத்தை யாவரும் அறிவர். வந்த தண்ணீர் வெளியேறாமையால் நேரும் நஷ்டமும் அதற்குக் குறைந்ததன்று. 2022ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்து, இளம்பயிர் மூழ்கிக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காவேரிக் கடைமடைப் பகுதிகளில் நிலத்தின் வாட்டம் மிகச் சொற்பம், மண்ணோ களி. நாலு விரற்கடை மேடு குறுக்கிட்டாலும் நீர் நாட்கணக்கில் தேங்கிவிடும். அம்மேடு வரப்பின்மேல் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இக்குறையைத் தீர்க்க, ட்ரோன் என்று வழங்கும் ஆளில்லாச் சிறு விமானத்தினால் எடுக்கும் படங்கள் பெரிதும் பயன்படும். அவற்றை இரு தருணங்களில் எடுத்தல் வேண்டும். முதலாவது, மழை ஓய்ந்த ஓரிரு நாட்களில். நீர் எங்கே நிற்கிறது, எவ்வடிகால் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டி அடைபட்டிருக்கிறது என்பன அதில் தெளிவாய்த் தெரியும். ஆனால் நீர் எப்பக்கம் வடியும் என்பதை அப்படம் உரைக்காது. பயிர் தரையை மறைக்கிறது. அசையும் நீர்ப்பரப்பிலோ கணக்கிடுவதற்கு நிலையான அடையாளம் இல்லை. ஆகையால் அறுவடைக்குப்பின், தரை வெறுமையாயிருக்கும்போது, இரண்டாவது படம் அவசியமாகிறது. ஒன்றன்மேலொன்று முக்கால் பங்குக்குக் குறையாமல் படியும்படி எடுத்த பல படங்களைக் கம்ப்யூட்டரில் இணைத்தால், மேடுபள்ளக் கணக்கு கிடைக்கும்.

இக்கணக்கை அப்படியே நம்புதல் கூடாது. 2023ஆம் வருஷக் கோடையில் திருவாரூர் ஜில்லாக் கிராமமொன்றில், சுமார் 30 ஏக்கர் பரப்பைப் படமெடுத்தோம். வெயிலுக்கு அஞ்சி, தரையில் இடவேண்டிய சுண்ணாம்புக் குறிகளைச் சாலையோரத்தில் மட்டும் இட்டேன், பிழை என்னுடையதே. நடுவயல் அரையடி தாழ்ந்திருப்பதாகப் படம் காட்டிற்று. அவ்வழியே புதுவாய்க்கால் வெட்டுவதென்றும், அதற்கு இருவர் தத்தம் நிலத்தில் இடம் விடுவதென்றும் பேச்சு முடிந்தது. அப்போது நெடுங்காலமாய் அங்கே நீர் பாய்ச்சிவரும் முதியவர், “நடுவயல்ல தண்ணி நின்னு நான் பார்த்ததில்லீங்க ஐயா, வடகிழக்கு மூலையிலதான் நிக்கும்” என்றார். கொத்தர்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு சோதித்தோம். முதியவர் சொன்னதே மெய்.

குறிகள் ஒரே பக்கத்தில் இருந்தால், கம்ப்யூட்டர் கணக்கு தட்டையான நிலத்தைக் கிண்ணம்போலவோ கவிழ்த்த தட்டுப்போலவோ வளைத்துக் காட்டிவிடும். மலைநாட்டில் இப்பிழை பெரிதன்று. கடைமடையில் அது வாட்டத்தையே திருப்பிவிடும். மறுவாரம் நான்கு மூலையிலும், ஓரங்களிலும், நடுவிலுமாக 9 குறிகள் இட்டு, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் ஒரே ஆதாரக் கல்லிலிருந்து அளந்து, மீண்டும் படமெடுத்தோம். பள்ளம் வடகிழக்கு மூலைக்கே போயிற்று. அங்கிருந்த பழைய வடிகாலைத் தூர் வாருவதே போதுமாயிருந்தது. துல்லியமாய் இடங்குறிக்கும் கருவி பொருத்திய ட்ரோனாயினும், சில இடங்களிலேனும் குழாய்மட்டம் பிடித்து ஒத்துப் பார்த்தல் நலம்.

ட்ரோனைப் பறக்கவிடுவோர் 2021ஆம் வருஷத்து விதிகளின்படி அதைப் பதிவு செய்தவராயும், தக்க சான்றிதழ் உடையவராயும் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்க. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை தனி அனுமதி வேண்டுவதில்லை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருத்தலால், அதன் சுற்றுப்புறத்தார் மண்டல வரைபடத்தைப் பார்த்தே துணிய வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படத்தைப் புல வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தால், கணக்கில் வடிகால் புறம்போக்காயுள்ள இடம் சிற்சில ஊர்களில் நாற்றங்காலாய்க் காணப்படும். படத்தை மட்டும் காட்டி ஒருவரையும் ஆக்கிரமிப்பாளர் எனல் தகாது. நில அளவையர் அளந்து எல்லை காட்டிய பின்னரே நடவடிக்கை எடுக்க வேண்டும். தூர் வாரும் வேலையையும் நீர் விழும் கீழ்க்கோடியிலிருந்து தொடங்குக. மேற்கோடியில் தொடங்கினால், மேலூர் வெள்ளம் முழுதும் கீழ்வயல்காரர் பயிரில் இறங்கிவிடும்.