மூடி திறந்தது, உள்ளே எட்டுப் பேர்!

இரண்டே இரண்டு நட்டு. கழற்றினால் அம்பாசடரின் டேப்பட் கவர் கையோடு வந்துவிடுகிறது! திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் ஒரு சாலையோரப் பட்டறை. 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெயில் மின்னியபடி, வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கர்களும் மாறி மாறித் தலையாட்டுகின்றன. இத்தனை வருடம் இந்தக் காரில் போயிருக்கிறேன், இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை!

வண்டிக்கு இரண்டு தொல்லை: ‘டிக் டிக்’ சத்தம், ஸ்லோவில் மிஸ்ஸிங். இரண்டுக்கும் காரணம் ஒரே வால்வுதான் என்று நினைத்திருந்தேன்.

மேஸ்திரி ஃபீலர் கேஜின் தகட்டை ஓடுகிற இஞ்சினிலேயே ஒவ்வொரு ராக்கருக்கு அடியிலும் நுழைத்துப் பார்த்தார். மூன்றாவதில் சத்தம் அடங்கியது. பிடித்தாயிற்று! ஆனால் நிறுத்திவிட்டு அளந்தால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி சரியாக 15 தவ், அதாவது 0.38 மில்லிமீட்டர். டார்ச் அடித்தார். ராக்கர் மூக்கில் சின்னப் பள்ளம். தட்டையான தகடு அதன்மேல் பாலம் மாதிரி நின்று பொய்க்கணக்கு சொல்லியிருக்கிறது! மூக்கைத் தேய்த்துச் சமமாக்கி, இடைவெளியை மறுபடி சரிசெய்ததும் சத்தம் போயிற்று.

மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை.

“கத்துற டேப்பட்டுக்குப் பயப்படாதீங்க சார். வாயை மூடிக்கிட்டு இருக்கு பாருங்க, அதான் வால்வைச் சுடும்.”

மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டும் ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும்; ஆக, சந்தேகம் வால்வு மேல்தான். அடுத்தது ஒன்பது கணக்கு: அந்த சிலிண்டரின் ஐந்தாவது வால்வை அளக்க நான்காவது முழுசாக இறங்கியிருக்க வேண்டும், கூட்டினால் ஒன்பது. அப்படி வைத்து அளந்தால் ஐந்தாவதில் இடைவெளியே இல்லை! சத்தமும் இல்லை, சரியாக மூடவும் இல்லை.

ஹெட்டைக் கழற்றினோம். புஷ் ராடுகள் இடம் மாறாமல் ஓர் அட்டைப்பெட்டியில் வரிசையாகக் குத்தி நின்றன. ஐந்தாவது எக்ஸாஸ்ட் வால்வு, ஓரம் கருகிச் சில்லு பெயர்ந்திருந்தது. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தை மாதிரி. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். ஊர்க்காற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனால் பழைய இஞ்சினின் மிருதுவான இரும்புச் சீட்டு தேய்ந்து தேய்ந்து, வால்வு மேலேறி, இடைவெளி சத்தமில்லாமல் அடைபட்டுவிடுகிறது.

விழுப்புரம் லேத்துப் பட்டறையில் கடினமான சீட் ரிங் அடித்து வந்தது. பிறகு நான் அசந்துபோன காட்சி! புது வால்வில் தேய்ப்புப் பசை தடவி, ரப்பர் குமிழ் வைத்த கோலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மோர் கடைவதுபோல உருட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் விழுந்தது. போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை!

திண்டிவனம்–விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், ஏறத்தாழ 40 நிமிடப் பயணம். இஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால், அந்த 40 நிமிடத்தில் ஒவ்வொரு வால்வும் 48,000 தடவை திறந்து மூடும். வீட்டில் பழைய அம்பாசடர் இருக்கிறதா? சத்தம் தானாகக் குறைந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். இந்த வாரமே கேஜ் விட்டு அளந்து பாருங்கள்.