கடையில் கிடைக்காத உதிரி பாகம்

‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் அதை வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. இன்று அந்தக் காரை வைத்திருப்பவர் உதிரி பாகம் கேட்டுக் கடைக்குப் போனால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ஆனால் விவரம் தெரிந்தவர் அதோடு திரும்பிவிட மாட்டார். அந்தக் காரின் உடல் இங்கிலாந்தின் ரோவர் காரைத் தழுவியது. எஞ்சினோ பழைய ஸ்டாண்டர்டு வாங்கார்டு காரின் வழி வந்தது. ஆகவே கதவுக்கு ஓரிடத்திலும் எஞ்சினுக்கு வேறிடத்திலும் அவர் தேடுவார்.

காருக்கு வரும் இதே சிக்கல் தொலைநோக்கிக்கும் வரும். அதுவும் மிகக் குறைந்த எண்ணிக்கையில், மிக நுட்பமாகச் செய்யப்படும் இயந்திரம்தானே!

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1972ஆம் ஆண்டு ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. அதைச் செய்தது கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் யேனா நிறுவனம். கிழக்கு ஜெர்மனி என்ற நாடே 1990இல் மறைந்துவிட்டது. ஜெர்மனி ஒன்றானபின் அந்த நிறுவனமும் பிரிக்கப்பட்டு உருமாறியது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய இயந்திரத்துக்கு யாரிடம் போய்ப் பாகம் கேட்பது?

‘கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று வானியலில் இருக்க முடியாது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. கோள் நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கி மீண்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது அன்று தெரியவந்தது. அந்த இரவில் அதைக் கவனித்த தொலைநோக்கிகளுள் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. ஒரு சக்கரம் சிக்கியிருந்தால் அந்த நிகழ்ச்சி போனது போனதுதான்.

அப்படியானால், நின்றுபோன பாகத்தை எப்படித் தேடுவது? மூன்று வழிகள் உண்டு.

எண்ணைப் படியுங்கள்

முதல் வழி மிக எளிது. பாகத்தின் மேல் உள்ள எண்ணைப் படிப்பது. பழைய மின்விசிறி மோட்டாரிலோ தண்ணீர்ப் பம்பிலோ உள்ள பால் பேரிங்கைத் துடைத்துப் பாருங்கள். 6205 என்பது போன்ற எண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றை ஐந்தால் பெருக்குங்கள். 05 × 5 = 25. உள்துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர்! வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். எந்த நாட்டில் செய்த 6205 ஆனாலும் இந்த அளவுகள் மாறா. இவை உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அளவுகள். ஆகவே இயந்திரம் செய்தவர் மறைந்தாலும் பேரிங் மறைவதில்லை. நுட்பத்தில் மட்டும் தர வேறுபாடு உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அளந்து செய்யுங்கள்

எல்லாப் பாகத்துக்கும் இத்தகைய எண் கிடையாது. தொலைநோக்கியைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒருமுறை சுழல்கிறது. தொலைநோக்கியும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்பினால்தான் விண்மீன் பார்வையில் நிற்கும். சக்கரத்தில் 360 பற்கள் இருந்தால், அதைத் தள்ளும் ‘வார்ம்’ என்னும் திருகுத் தண்டு ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்ற வேண்டும்.

ஒரு பல் எவ்வளவு பிசகலாம்? சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். பல்லில் பிழை 0.01 மில்லிமீட்டர். ஆரம் 500 மில்லிமீட்டர். 0.01ஐ 500ஆல் வகுத்தால் 0.00002 ரேடியன், அதாவது சுமார் 4 வில் விநாடி. நல்ல இரவில் விண்மீனின் பிம்பமே ஒன்று அல்லது இரண்டு வில் விநாடி அகலந்தான் இருக்கும். தலைமுடியின் தடிப்பைவிடப் பலமடங்கு சிறிய பிழை, விண்மீனை இடம் பெயர்த்துவிடுகிறது!

அளப்பதிலும் பொறிகள் உண்டு. சக்கரம் வெண்கலம், அளவுகோல் எஃகு. அளவுகோல் 20 டிகிரி வெப்பநிலைக்குச் சரிபார்க்கப்பட்டது. நீங்கள் அளப்பதோ 35 டிகிரியில். வெண்கலம் எஃகைவிட அதிகம் விரியும். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.006 மில்லிமீட்டர் வேறுபாடு. 15 டிகிரிக்கு 0.09 மில்லிமீட்டர். நாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையைப் போல ஒன்பது மடங்கு!

இன்னொரு பொறி தேய்மானம். ஐம்பது ஆண்டு தேய்ந்த பல்லை அப்படியே நகலெடுத்தால், தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுத்தவர்களாவோம். தேயாதபோது அது எப்படி இருந்திருக்கும் என்று அதன் வேலையிலிருந்து கணக்கிட்டு வரைய வேண்டும். மூல வரைபடம் பொன்னைப் போன்றது என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்தான்.

வேலையைப் பாருங்கள்

சில பொருள்களைச் செய்யவே முடியாது. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். அக்காலத்தில் வானத்தைப் படம் பிடிக்கச் சிறப்பான புகைப்படத் தகடுகள் வேண்டியிருந்தன. வாங்குவோர் குறைந்ததும் அவற்றின் உற்பத்தி படிப்படியாக நின்றது. அவற்றின் வேதிப்பூச்சை யாரும் பட்டறையில் செய்துவிட முடியாது.

ஆனால் தகட்டின் வேலை என்ன? ஒளியைப் பதிவது. அதைச் செய்ய வேறு பொருள் இருந்தால் போதுமே! 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சி.சி.டி. என்னும் சிலிக்கன் சில்லு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. நூறு ஒளித்துகள்கள் வந்தால் தகடு இரண்டு மூன்றைத்தான் பதியும். நல்ல சி.சி.டி. எண்பதுக்கு மேல் பதியும். பழைய பாகம் நின்றுபோனதால் இயந்திரம் கெடவில்லை, கூர்மையடைந்தது.

இந்த மூன்று வழிகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு பாகம் என்பது பெயரோ முத்திரையோ அல்ல. என்ன அளவு, என்ன பொருள், என்ன வேலை என்ற மூன்று கேள்விகளுக்கான விடைதான் பாகம். விடை நம் கையில் இருந்தால் கடை மூடினாலும் கவலையில்லை. காவலூரில் கண்ணாடிகளுக்கு அலுமினியம் பூச 2.8 மீட்டர் வெற்றிடக் கலம் இருக்கிறது. மங்கிய கண்ணாடியை அயல்நாட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். அதைச் செய்யக் கற்றவர்களுக்குச் செப்பனிடவும் தெரியும் அல்லவா?

நீங்களும் ஒன்று செய்யுங்கள். வீட்டிலோ பட்டறையிலோ கழித்துப் போட்ட பேரிங் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வகத்தின் வெர்னியர் அளவியால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். பிறகு எண்ணைப் படித்து உள்விட்டத்தை ஒப்பிடுங்கள். பொருந்தினால், நின்றுபோன ஒரு பாகத்தைத் தேடும் முதல் பாடத்தை நீங்கள் முடித்துவிட்டீர்கள்.