கோப்புகளின் குடிபெயர்ச்சி

பெங்களூரு கிழக்கு நிலையத்தின் வண்டியோசை கேட்கும் ஜீவனஹள்ளியில் நம் இல்லம். ஊரிலிருந்து தந்தையார் எழுதிய கடிதங்களையும் குடும்பப் படங்களையும் நம் தமையனார் நகலெடுத்துக் கூகிள் டிரைவில் சேமித்து வைத்திருந்தார். அவர் மறைந்தபின், அக்கணக்கைத் திறப்பாரில்லை.

கூகிள் நிறுவனம் 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களையும் 15 ஜி.பி. இலவச வரம்புக்குள் சேர்த்தது. இரண்டாண்டு பயன்படாத தனியார் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கலாம் என்றும் விதி வகுத்தது. நல்வேளையாக, அண்ணியார் கடவுச்சொல்லைக் குறித்து வைத்திருந்தார். மாத வாடகைக்கு ஒரு சர்வர் அமர்த்தி, யாவற்றையும் அங்கே மாற்ற முனைந்தோம்.

முதலில் எல்லாவற்றையும் வீட்டுக் கணிப்பொறியில் இறக்கி, பின் சர்வரில் ஏற்றலானோம். நள்ளிரவில் மின்சாரம் நின்றது. எது சென்றது, எது நின்றது என்று அறியோம். பார்சல் ஆபீசில் நாள்தோறும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணிப் பார்க்கும் நாம், சொந்தப் பொருளில் அதை மறந்தோமே!

பின்னர் 'ஆர்குளோன்' என்னும் இலவச மென்பொருளை நாடினோம். அதனைச் சர்வரிலேயே நிறுவினால், கோப்புகள் நம் வீட்டுக்கு வந்து திரும்ப வேண்டுவதில்லை. இடையில் அறுந்தாலும், மீண்டும் இயக்கினால் விடுபட்டவற்றை மட்டுமே அனுப்பும். ஒரு பெரிய கோப்பினும் பல்லாயிரம் சிறு கோப்புகளுக்கே நேரம் மிகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்டுப் பெறவேண்டும் அன்றோ? அதில் 'காப்பி' என்னும் கட்டளையே நமக்கு ஏற்றது; 'மூவ்' என்பது மூலத்தை அழித்துவிடும்.

பணி முடிந்தபின் எண்ணினோம். ஏழு கோப்புகள் குறைந்தன. காரணம் வியப்பானது. கூகிள் டிரைவ் ஒரே அடைவில் ஒரே பெயருள்ள பல கோப்புகளை ஏற்கும். சர்வரோ ஒரு பெயருக்கு ஒன்றையே ஏற்கும். தமையனார் எட்டுக் கடிதங்களுக்கும் 'அப்பா கடிதம்' என்றே பெயரிட்டிருந்தார். ஒன்று சென்றது, ஏழு நின்றன. நமக்கு வேலை கிடைத்த செய்தியறிந்து தந்தையார் எழுதிய வாழ்த்தும் அவ்வேழில் ஒன்று. பெயர்களுடன் தேதி சேர்த்து அனுப்பினோம்; எண்ணிக்கை நேராயிற்று.

எண்ணிக்கை மட்டும் போதாது. உள்ளிருப்பது சிதையாதிருத்தல் வேண்டும். வாகன் கதவில் வைக்கும் சீல் போன்றது 'செக்சம்'. எம்.டி.5 என்னும் முறை எவ்வளவு பெரிய கோப்புக்கும் 32 எழுத்துள்ள அடையாளம் தரும். உள்ளே ஓர் எழுத்து மாறினும் அடையாளம் வேறாகிவிடும். இரு முனையிலும் அவை ஒத்தால் சரக்கு பழுதின்றி வந்தது எனக் கொள்ளலாம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் படங்கள் யார் பெயரில் உள்ளன என்பதை இன்றே கேட்டறியுங்கள். இடம் மாற்றினால், எண்ணிச் சரிபார்க்கும்வரை பழைய இடத்தைக் காலி செய்யாதீர்கள். வீட்டு வட்டிலும் ஒரு படி வையுங்கள். சரக்கு கைக்கு வருமுன் ரசீதைக் கிழிப்பார் உண்டோ?