டிம் அடிச்சா ‘வா’ன்னு அர்த்தமா, ‘வராதே’ன்னு அர்த்தமா? நம்மூர் ரோட்டில் திணறும் வெளிநாட்டவர்கள்

வெளிநாட்டுக்காரர்கள் கையில் ஆட்டோவைக் கொடுத்து, சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? 2006-ல் நிஜமாகவே ஒரு பந்தயம் அப்படித் தொடங்கியது. கியர் எங்கே இருக்கு என்பதைக்கூட சீக்கிரம் பழகிவிடலாம். எதிரே வர்ற பஸ் என்ன சொல்ல வருது என்பதுதான் சிக்கல்.

ராமநாதபுரத்திலிருந்து ஈ.சி.ஆரில் தூத்துக்குடிக்கு பைக்கில் வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேம்பார், கீழவைப்பார் பக்கமெல்லாம் பெரிய நெரிசல் கிடையாது; ஆடு குறுக்கே வந்தால் உண்டு. 1542-ல் வந்த பிரான்சிஸ் சேவியர் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் நடந்தே ஊர் ஊராகப் போனவர். அவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை! நம்ம ஆளுக்கு, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்ததும் ஆரம்பிக்கும்.

எதிரே வரும் லாரி டிம் அடிக்கிறது. பிரிட்டனில் பலரும் இதை ‘நீங்க போங்க’ என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே ‘நான் வர்றேன், ஒதுங்கு’. இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம், நாம் இருப்பதை மற்றவருக்குத் தெரிவிக்க மட்டும் லைட் அடிக்கச் சொல்கிறது. அதாவது, நம்ம டிரைவர் அண்ணன்தான் அந்த ரூலுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

ஹார்னும் அப்படித்தான். பல நாடுகளில் அது திட்டுக்குச் சமம். இங்கே ‘பின்னாடி வர்றேன்’ என்பதில் தொடங்கி ‘டீ சாப்பிட்டாச்சா’ வரை எல்லாத்துக்கும் அதுதான்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். முன்னால் போகும் லாரி போடும் வலது இண்டிகேட்டரை அப்படிக் கடக்க முடியாது. ‘வலது பக்கம் திரும்புறேன்’ என்றும் அர்த்தம். ‘ரோடு காலியா இருக்கு, ஓவர்டேக் பண்ணிக்கோ’ என்றும் அர்த்தம். எது என்று தப்பாகக் கணித்தால் உயிர் போகும். உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பம்தான். 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்: 64,105. லாரி உண்மையிலேயே திரும்புதா என்று தெரியும்வரை பின்னாலேயே வருவதுதான் பாதுகாப்பு.

சரி, அவர் இங்கே வண்டி ஓட்டலாமா? சொந்த நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேணும். காருக்கு மட்டும் அனுமதி வாங்கிட்டு பைக் ஓட்டினால் செல்லாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலாகும். வாடகைக்கு பைக் கொடுக்கிறவர் ‘அதெல்லாம் கேட்க மாட்டாங்க சார்’ என்று சொல்லலாம். ஆனா, ஆஸ்பத்திரி பில் கட்ட அவர் வரப்போறதில்லை.

ஓட்டவே வேண்டாம், நடந்துபோறேன் என்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். ரோட்டைத் தாண்டும்போது உள்ளூர் அண்ணாச்சி யாராவது இருந்தால் அவர் கூடவே ஒட்டிக்கொள்ளுங்கள். அவர் கையைக் காட்டினால் லாரி வேகம் குறையும். நீங்க கையைக் காட்டினால், டிரைவர் சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டிட்டுப் போயிடுவார்.