கரிசல் வட்டாரத்தில் பாரத் நிலை உமிழ்வு விதிகளும் எத்தனால் கலந்த பெட்ரோலும்: தீப்பொறிச் செருகியை மையமிட்ட விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வாகன உமிழ்வைக் கட்டுப்படுத்தும் முயற்சி சட்டம், எரிபொருள், எந்திரம் ஆகிய மூன்று தளங்களில் நிகழ்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. இச்சார்பைத் தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த குளத்தூரையும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலத்தையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பெட்ரோல் எந்திரத்தில் எரிதல் தொடங்கும் இடமான தீப்பொறிச் செருகி விளக்கத்தின் மையமாக அமைகிறது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இருசக்கர வாகனங்களில் உண்டாக்கும் விளைவுகளை நடப்பிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனை முழுமையாகக் காட்டுவதில்லை என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: பாரத் நிலை, உமிழ்வுத் தரநிலை, எத்தனால், தீப்பொறிச் செருகி, வினையூக்கி மாற்றி, கரிசல், மக்காச்சோளம்.

முன்னுரை

குளத்தூர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர். இதற்கு மேற்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என விரியும் நிலப்பரப்பு பெரும்பான்மையும் மானாவாரிக் கரிசல். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி ஆகியவற்றோடு மக்காச்சோளமும் இங்குப் பயிரிடப்படுகிறது. ஊர்களுக்கிடையே தொலைவு மிகுதி. காட்டுக்குச் செல்லவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கவும், தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போய்வரவும் இருசக்கர வாகனமே பலருக்குத் துணை. அவற்றுள் கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளும் அடங்கும். உமிழ்வு பற்றிய தமிழ் விவாதங்கள் பெரும்பாலும் பெருநகரக் காற்றை முன்வைத்தே அமைகின்றன. பெருநகரை முன்வைத்து உருவான விதிகள் ஒரு மானாவாரி வட்டாரத்தை வந்தடையும்போது நிகழ்வது என்ன என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவை. பட்டறை வழக்கில் 'பிளக்' எனப்படும் உறுப்பு இங்குத் 'தீப்பொறிச் செருகி' எனவும், சுருக்கமாகச் 'செருகி' எனவும் குறிக்கப்படுகிறது. கார்புரேட்டர், சென்சார் முதலிய பழகிய சொற்கள் அவ்வாறே ஆளப்பட்டுள்ளன.

உமிழ்வுத் தரநிலைகளின் வளர்ச்சி

இந்தியாவில் பெட்ரோல் வாகனங்களுக்கான உமிழ்வு வரம்புகள் 1991ஆம் ஆண்டிலும் டீசல் வாகனங்களுக்கானவை 1992ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் அங்கு அப்போதே அறிமுகமாயிற்று. இவ்விரண்டும் ஒன்றாக வந்தது தற்செயலன்று. ஈயம் வினையூக்கியின் பரப்பில் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். எனவே எரிபொருளை மாற்றாமல் கருவியை மட்டும் பொருத்துவது வீண். 2000 பிப்ரவரியில் ஈயமற்ற பெட்ரோல் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று.

ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றிய பாரத் நிலை வரிசை அதன்பின் தொடர்ந்தது. கார் முதலிய நான்கு சக்கர வாகனங்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு நிலையும் முதலில் பெருநகரங்களிலும் பின்னர்ப் பிற பகுதிகளிலும் நடைமுறையானது. நான்காம் நிலை 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிந்து, 2017 ஏப்ரல் 1இல் நாடு முழுவதையும் எட்டியது. மூன்றாம் நிலை வாகனங்களை அந்நாள் முதல் விற்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2017 மார்ச் 29இல் ஆணையிட்டது. ஐந்தாம் நிலையைத் தாண்டி ஆறாம் நிலைக்கே நேரடியாகச் செல்வதென்ற முடிவு 2016 ஜனவரியில் எடுக்கப்பட்டது; அது 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது.

இவ்வரிசையில் எரிபொருளின் கந்தக அளவு உற்று நோக்கத்தக்கது. மூன்றாம் நிலைப் பெட்ரோலில் பத்து இலட்சம் பங்கில் 150 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். நான்காம் நிலையில் இது 50 பங்காகவும், ஆறாம் நிலையில் 10 பங்காகவும் குறைந்தது. கந்தகமும் வினையூக்கியின் செயல்திறனைக் குறைப்பதே இதற்குக் காரணம். ஆறாம் நிலைப்படி இருசக்கர வாகனம் கிலோமீட்டருக்கு 1.0 கிராமுக்கு மிகாத கார்பன் மோனாக்சைடும், 0.06 கிராமுக்கு மிகாத நைட்ரஜன் ஆக்சைடுகளும் மட்டுமே வெளிவிடலாம். இவ்வரம்பை எட்டுவதற்காகவே புதிய இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டர் நீங்கி மின்னணு எரிபொருள் உட்செலுத்தலும் ஆக்சிஜன் சென்சாரும் இடம்பெற்றன.

தீப்பொறிச் செருகியின் இயக்கம்

எரிதலைத் தொடங்க ஒரு சிறு இடத்தில் செறிந்த ஆற்றல் தேவை. கோவில்பட்டி வட்டாரத்தின் அடையாளமான தீக்குச்சியில் இவ்வாற்றல் உராய்வால் கிடைக்கிறது. பெட்ரோல் எந்திரத்தில் மின் உடைவால் கிடைக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தம் தூண்டு சுருளின் வழியாகப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. செருகியின் நடு மின்முனைக்கும் பக்க மின்முனைக்கும் இடையேயுள்ள இடைவெளி இருசக்கர வாகனங்களில் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர். அவ்விடைவெளியிலுள்ள வாயு மின்கடத்தியாக மாறும் கணத்தில் பொறி தோன்றுகிறது. நடு மின்முனையைச் சுற்றியுள்ள வெண்ணிற அலுமினா மின்காப்பு, அவ்வுயரழுத்தம் வேறு வழியில் கசியாமல் காக்கிறது.

செருகியின் முனை வெப்பநிலை ஏறத்தாழ 450 முதல் 850 செல்சியசு வரை இருத்தல் வேண்டும். இதற்குக் கீழே சென்றால் படியும் கரி எரிந்து நீங்காது. இதற்கு மேலே சென்றால் பொறி தோன்றுமுன்னரே முனையின் வெப்பத்தால் கலவை தீப்பற்றும் நிலை உண்டாகலாம். செருகிகள் 'சூட்டுச் செருகி', 'குளிர்ச் செருகி' எனப் பிரிக்கப்படுவது, பெறும் வெப்பத்தை அவை எவ்வளவு விரைவாக எந்திரத் தலைப்பகுதிக்குக் கடத்துகின்றன என்பதைப் பொறுத்தே. எனவே அளவு பொருந்துகிறது என்பதற்காக வேறு வெப்ப எல்லைச் செருகியைப் பொருத்துவது தவறு.

செருகி எரிதலைத் தொடங்கும் கருவி மட்டுமன்று, எரிதலின் தன்மையை உரைக்கும் சான்றும் ஆகும். முனை இளம்பழுப்பாக இருப்பின் எரிதல் சீரானது. உலர்ந்த கரி பிடித்திருப்பின் கலவையில் எரிபொருள் மிகை. எண்ணெய்ப் பசை காணப்படின் பிஸ்டன் வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம். வெளிறிக் கொப்புளம் கண்டிருப்பின் மிகை வெப்பம். கலவையில் எரிபொருள் குறைந்திருப்பது அதற்கு ஒரு காரணம்.

கரிசலின் சூழல் இவ்விடத்தில் பொருட்படுத்தத்தக்கது. கோடையில் கரிசல் மண் வெடித்து உலர்ந்து நுண்துகளாகப் பறக்கிறது. வண்டிப்பாதையில் செல்லும் வாகனத்தின் காற்று வடிகட்டியில் அது படிந்து அடைக்கிறது. காற்று குறைய, கார்புரேட்டர் தரும் கலவையில் எரிபொருள் மிகுகிறது. முழுமையாக எரியாத எரிபொருள் கரியாகிச் செருகியின் மின்காப்பில் படிகிறது. கரி மின்கடத்தி, ஆகவே உயரழுத்தம் அதன் வழியே கசிந்து பொறி தவறுகிறது. இதனையே பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்கின்றனர். பொறி தவறிய ஒவ்வொரு சுற்றிலும் எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக வெளியேறுகிறது. வினையூக்கி மாற்றி உள்ள வண்டியாயின், அது மாற்றிக்குள் சென்று எரிந்து மாற்றியையே கெடுக்கக்கூடும். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் செருகியும் வடிகட்டியும் கவனிக்கப்படாவிடின், விலைமிக்க கட்டுப்பாட்டுக் கருவி பாழாகும்.

எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வண்டிகளும்

2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030ஆம் ஆண்டிற்குள் 20 விழுக்காடு எத்தனால் கலப்பை இலக்காக வைத்தது. 2022இல் அவ்விலக்கு 2025-26க்கு முன்னகர்த்தப்பட்டது. 10 விழுக்காட்டுக் கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 விழுக்காட்டுக் கலவை 2023 பிப்ரவரி 6இல் பெங்களூருவில் அறிமுகமாயிற்று.

ஒரு லிட்டர் பெட்ரோலின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 32 மெகாஜூல். எத்தனாலுக்கு 21 மெகாஜூல். எனவே 20 விழுக்காட்டுக் கலவையில் லிட்டருக்குரிய ஆற்றல் சுமார் 7 விழுக்காடு குறைகிறது. மறுபுறம், எத்தனால் தன்னிலேயே ஆக்சிஜன் கொண்டது. அதன் ஆக்டேன் எண்ணும் உயர்ந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ. ஆக்சிஜன் சென்சார் உள்ள எந்திரம் இவ்வேறுபாட்டை உணர்ந்து தெளிக்கும் அளவைத் திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அத்திறன் இல்லை. ஆதலால் பழைய வண்டியில் கலவை சுமார் 8 விழுக்காடு மெலிகிறது. முன்னர் எரிபொருள் மிகையாக வைக்கப்பட்டிருந்த வண்டியில் இதனால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் குறைவது நன்மையே. முன்னரே மெலிந்த கலவையில் ஓடிய வண்டியில் குளிர்த் தொடக்கம் கடினமாகலாம், பொறி தவறலாம், நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடலாம். எத்தனாலுக்கென வடிவமைக்கப்படாத ரப்பர்க் குழாய்களும் அடைப்புகளும் விரைவில் தளர்வதற்கும் வாய்ப்புண்டு.

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட வரைவு, எத்தனாலற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக் கலவைக்கு இசைவு செய்யப்பட்ட இருசக்கர வாகனங்களில் எரிபொருள் சிக்கனம் 3 முதல் 4 விழுக்காடு குறையும் எனக் கணித்தது. மாதம் 20 லிட்டர் செலவிடும் ஒருவருக்கு, லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 750 முதல் 1000 ரூபாய் கூடுதலாகும். இது மானாவாரி உழவர்க்கும் கூலித் தொழிலாளர்க்கும் புறக்கணிக்கத்தக்க தொகையன்று.

இதே எரிபொருளின் மறுமுனையிலும் கரிசல் உள்ளது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தபின் மக்காச்சோளத்தின் பங்கு உயர்ந்தது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் பெறலாம். அதாவது ஒரு குவிண்டாலில் 38 லிட்டர். இதனைக்கொண்டு 190 லிட்டர் கலவைப் பெட்ரோல் உருவாக்கலாம். கோழித் தீவனத்தையே பெரிதும் நம்பியிருந்த விளைபொருளுக்கு இன்னொரு வாங்குநர் வாய்ப்பது உழவர்க்கு நலம். ஆயினும் அந்நலம் கொள்முதல் விலையாக அவர்களை வந்தடைந்தால்தான், பெட்ரோல் நிலையத்தில் அவர்கள் இழப்பது ஈடாகும்.

மாசுச் சோதனையின் எல்லை

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 115ஆம் விதிப்படி, பதிவு செய்து ஓராண்டு கடந்த வாகனம் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். சான்றின்றி ஓட்டுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. பெட்ரோல் இருசக்கர வாகனத்திற்கான இச்சோதனை, வண்டி நின்ற நிலையில் எந்திரம் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, சோதனை நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. ஆகவே எத்தனாலால் கலவை மெலிந்த பழைய வண்டி முன்னினும் எளிதாகத் தேர்ச்சி பெறும். மற்றொன்று, சுமையேற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் பொறி தவறும் வண்டி, நின்ற நிலையில் குறையின்றித் தோன்றலாம். சான்று தேவையற்றது என்பது இதன் பொருளன்று. அது கரி கக்கும் வண்டியைக் கண்டறியும். மெலிந்த கலவையின் கேட்டைக் கண்டறியாது. அக்கேட்டைச் செருகியின் நிறத்திலிருந்து உய்த்துணரும் பட்டறையாளரின் அறிவு இங்கு இன்றியமையாததாகிறது.

முடிவுரை

ஈயம் நீங்கியதால் வினையூக்கி மாற்றி இயன்றது. கந்தகம் குறைந்ததால் ஆறாம் நிலை இயன்றது. எரிபொருளும் கருவியும் சேர்ந்து மாறியபோதெல்லாம் தரநிலை பயன் தந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எத்தனால் கலப்பில் எரிபொருள் அனைவருக்கும் மாறியது. கருவி புதிய வண்டி வாங்கியோருக்கு மட்டுமே மாறியது. இடைவெளி இங்கேதான் உள்ளது.

இதனைக் குறைக்கப் பெருஞ்செலவு வேண்டா. பழைய வண்டிகளின் கார்புரேட்டர் அளவைப் புதிய கலவைக்கேற்பத் திருத்தும் பயிற்சியைச் சிற்றூர்ப் பட்டறைகளுக்கு அளித்தல், எத்தனால் தாங்கும் ரப்பர் உறுப்புகள் உள்ளூரிலேயே கிடைக்கச் செய்தல், மாசுச் சோதனையின்போது வடிகட்டியையும் செருகியையும் பார்வையிடுதல் ஆகியன உடனடியாக இயலக்கூடியவை. இவற்றுக்கான கையேடுகள் எளிய தமிழில் எழுதப்படல் வேண்டும். கரிசல் வட்டாரப் பட்டறைகளில் வழங்கும் சொற்களைத் தொகுத்து அறிவியல் கலைச்சொற்களோடு இணைக்கும் ஆய்வு, அத்தகைய கையேடுகளுக்கு முதற்படியாக அமையும்.