தறி நிற்காமல் காப்பவர்: ஆரணிப் பட்டு வட்டாரமும் பணியிடத் தலைமையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் போளூருக்கும் இடையே, வடமாதிமங்கலத்தை அடுத்துள்ள திருமலை என்னும் ஊரை வரலாற்று ஆய்வாளர்கள் குந்தவை ஜினாலயத்தாலும், பாறையில் செதுக்கப்பட்ட ஐம்பது அடி உயர நேமிநாதர் சிற்பத்தாலும், முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் கல்வெட்டாலும் நன்கு அறிவர். அந்தத் திருமலைக் குன்றைச் சூழ்ந்துள்ள ஆரணி வட்டாரத்துக்கு வேறொரு பெயரும் உண்டு. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்யப்படும் ஆரணிப் பட்டு, காஞ்சிபுரத்துப் பட்டைவிட எடை குறைந்தது என்று வாங்குவோரிடம் பெயர் பெற்று, புவிசார் குறியீடும் பெற்ற சரக்காகும். பணியிடத்தில் தலைமைப் பண்பையும் மேலாண்மைத் திறனையும் வளர்த்துக்கொள்வது பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் அனைவரும் கூடி உழைக்கும் தொழிற்சாலையையோ அலுவலகத்தையோ மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. வேலை செய்பவர் தம் வீட்டிலும், வேலை கொடுப்பவர் வேறொரு தெருவிலும், சில வேளை வேறோர் ஊரிலும் இருக்கும் பட்டு நெசவில் மேற்பார்வையாளரின் கண்ணும் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. ஆதலால், ஆணையிடும் அதிகாரத்தைக் கழித்துவிட்டால் தலைமை என்பதில் என்ன மிஞ்சுகிறது என்று ஆராய இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான களம் அரிது.

ஒரு பட்டுச் சேலை ஒரே கையில் உருவாவதில்லை. பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு முறுக்கேற்றப்பட்டு, சாயச்சாலையில் நிறம் ஏற்றப்பட்டு, நீளவாட்டு இழைகளான பாவாகவும் குறுக்கு இழைகளான ஊடையாகவும் பிரிக்கப்படுகிறது. பாவு ஓட்டுபவர் ஒருவர், பழைய பாவின் முனைகளோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைப்பவர் ஒருவர், ஊடை இழையைத் தாராகச் சுற்றுபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என்று பல வீடுகள் இதில் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. சூரத்திலிருந்து வரும் ஜரிகையும், சேலைக் கரையின் கோலத்தைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு அட்டைகளும் உரிய வேளையில் வந்து சேர வேண்டும். இந்தச் சங்கிலியைக் கையில் பிடித்திருப்பவர்கள் இரு வகையினர். நெசவாளர் வாய்மொழியில் முதலாளி என்றே அழைக்கப்படும் மாஸ்டர் வீவர், பட்டையும் ஜரிகையையும் தாமே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு நெய்வித்து, சேலையைக் கடைக்காரர்களிடம் விற்பவர். மற்றவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின், அதாவது சொசைட்டியின், மேலாளர். சங்கத்தில் உறுப்பினரான நெசவாளர்களே பெயரளவில் உரிமையாளர்கள் என்பதால் மேலாளர் அவர்களுக்கு வேலை கொடுப்பவராகவும் அவர்களால் பணிக்கு அமர்த்தப்பட்டவராகவும் ஒரே வேளையில் விளங்குகிறார்.

மேலாண்மை, தலைமை என்ற இரு சொற்களையும் பலர் ஒரே பொருளில் வழங்குவதுண்டு. திட்டமிடுதல், பொருளையும் ஆளையும் உரிய இடத்தில் அமர்த்துதல், கணக்கைச் சரிபார்த்தல், நடந்ததை நினைத்ததோடு ஒப்பிட்டுத் திருத்துதல் ஆகியவை மேலாண்மையின் பாற்படும். ஒரு குழுவினர் கட்டாயத்தால் அன்றி உடன்பாட்டால் ஒரு திசையில் செல்லும்படி செய்வது தலைமை. பட்டு நெசவில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதற்குக் காரணம், நெசவாளர் பெறுவது மாதச் சம்பளமன்று, சேலைக்கு இவ்வளவு என்ற கூலி. பாவு வரத் தாமதமானாலும், சாயச்சாலையில் நிறம் பிந்தினாலும், பார்டருக்கான ஜரிகை குறைந்தாலும் தறி நின்றுவிடுகிறது. நின்ற நாளுக்குக் கூலி இல்லை. பிழை எங்கோ நடந்திருக்க, அதற்கான இழப்பு நெய்பவரின் அடுப்பங்கரையில் வந்து விழுகிறது. எனவே, இந்த வட்டாரத்தில் ஒரு முதலாளியின் அல்லது மேலாளரின் திறமையை அளக்க, அவரிடம் உள்ள தறிகளில் எத்தனை எத்தனை நாள் சும்மா நின்றன என்று எண்ணிப் பார்ப்பதே மிக நேர்மையான முறையாகும். பாவு முடிவதற்குள் அடுத்த பாவுக்கான பட்டைச் சாயத்துக்கு அனுப்பிவிடுபவரை நெசவாளர் மதிக்கின்றனர். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பாவுக்கு அலையவிடுபவரை அவர்கள் மதிப்பதில்லை.

மதிப்பு உருவாவதும் சிதைவதும் சேலையை ஒப்படைக்கும் மேசையருகேதான். நெசவாளருக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டே கொடுக்கப்படுகின்றன. நெய்து முடித்த சேலையும் எஞ்சிய இழையும் எடை போட்டே திரும்பப் பெறப்படுகின்றன. அனுமதிக்கப்பட்ட கழிவுக்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம் உண்டு. தராசிலிருந்து எடுத்த சேலையை மேலாளர் மேசைமேல் விரித்து, உடலைக் கையால் தடவி, இழை அறுந்த இடம், ஊடை நெருக்கம் மாறிய இடம், கரை ஏறி இறங்கிய இடம், நிறம் தட்டிய இடம் என ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறகே பாஸ் புத்தகத்தில் வரவு வைக்கிறார். அந்தச் சில நிமிடங்களில் மேலாளரின் வாயிலிருந்து வரும் சொற்களை, தம் முறைக்குக் காத்து நிற்கும் மற்ற நெசவாளர்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். பாவிலேயே நிறம் இரண்டு பதமாக இருந்ததா, நெய்தவர் ஊடையை மாற்றிவிட்டாரா என்று விசாரித்த பின் முடிவெடுப்பவர் ஒரு வகை. விரித்த கையோடு பிடித்தத்தை எழுதிவிட்டு, பத்துப் பேர் முன் கையாலாகாதவர் என்று சொல்லிவிடுபவர் இன்னொரு வகை. இரண்டாமவரிடம் அடுத்த முறை ஒரு நெசவாளர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று. பாவு தறியில் ஏறிய முதல் நாளே நிறக் கோளாறு அவர் கண்ணில் பட்டாலும், அதைச் சொல்ல ஓடிவரமாட்டார். சொன்னால் தம் தலையில் விழும் என்று அஞ்சி நெய்துகொண்டே போவார். முதல் முழத்தில் திருத்தியிருக்கக்கூடிய குறை, அந்தப் பாவின் எல்லாச் சேலைகளிலும் படிந்து கடைக்குச் சென்று திரும்பி வரும்.

இதைத்தான் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தைக் கொண்டு விளக்கினார். ஒரு குழுவில் பிழையை ஒப்புக்கொள்வதாலோ, கேள்வி கேட்பதாலோ, மாற்றுக் கருத்தைச் சொல்வதாலோ இழிவுபடமாட்டோம் என்ற நம்பிக்கை உறுப்பினர்களிடையே பொதுவாக நிலவுவதே அதன் பொருள். அவர் அதற்கு முன் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நன்றாகச் செயல்படும் குழுக்களில் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தது முதலில் புதிராகத் தோன்றியது. அக்குழுக்கள் கூடுதலாகப் பிழை செய்யவில்லை, செய்த பிழையைக் கூடுதலாக வெளியே சொல்லின என்ற விளக்கத்துக்கு அவர் பின்னர் வந்தார். ஆரணியின் மேசைக்கும் அந்த மருத்துவமனைக்கும் பொருந்தும் விதி ஒன்றே: தலைவருக்கு எட்டும் கெட்ட செய்தியின் அளவை அவருடைய முந்தைய எதிர்வினையே தீர்மானிக்கிறது. பிடித்தமே கூடாது என்பது இதன் பொருளன்று. முன்கூட்டிச் சொல்லப்பட்ட குறைக்குப் பிடித்தம் இல்லை, மறைக்கப்பட்ட குறைக்கு உண்டு என்ற ஒரே ஒரு விதியை வெளிப்படையாக வைத்து, அதைத் தமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் நடத்திக்காட்டினாலே மேலாளருக்குத் தகவல் தானாக வந்து சேரும்.

நெசவுத் தொழிலைக் கொண்டே நடத்தப்பட்டு, உலக மேலாண்மை இயலில் நிலையான இடம் பெற்ற ஓர் ஆய்வும் இந்தியாவுக்கு உரியது. அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்ட பின்னரும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டாததால், இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அங்கு வந்து ஆராய்ந்தார். 224 தறிகள் கொண்ட அந்தக் கூடத்தில் வேலை 12 வகைகளாகத் துண்டாடப்பட்டிருந்தது. ஒவ்வொரு வகையினருக்கும் ஒதுக்கப்பட்ட தறிகளின் எண்ணிக்கை வெவ்வேறாக இருந்ததால், இந்தத் தறி எங்களுடையது என்று சேர்ந்து சொல்லும் ஒரு குழுவே அங்கு உருவாக வழியில்லாமல் இருந்தது. குறிப்பிட்ட தறித் தொகுதிக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பேற்கலாம் என்ற கருத்தை ரைஸ் முன்வைத்தவுடன், தொழிலாளர்களே அதைத் தமதாக்கிக்கொண்டு, ஏழு பேர் கொண்ட குழுக்களை அமைத்துக்கொண்டனர். ஒருவர் வேலையை மற்றவர் தாங்கினர். குழுவுக்குள்ளிருந்தே ஒருவர் முன்னின்று நடத்தினார். மூன்றாம் ஷிப்டு தொடங்கியபோது இடையில் தடுமாற்றம் ஏற்பட்டாலும், குழு முறை நிலைபெற்றதும் தறிகளின் செயல்திறன் முன்னைவிட உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது.

இந்த ஆய்வின் பயன் அதன் வெற்றியோடு முடிந்துவிடவில்லை. ரைஸின் சக ஆய்வாளர் எரிக் மில்லர் 1970-இல் அதே ஆலையைத் திரும்ப ஆராய்ந்தபோது, ஒரு கூடத்தில் குழு முறை ஏறத்தாழ மாறாமல் நீடித்ததையும், வேறு கூடங்களில் அது கரைந்துபோயிருந்ததையும் கண்டார். சந்தையும் மூலப்பொருளும் மாறியபோது அந்த அதிர்ச்சியைக் குழுக்களுக்கு வெளியே நின்று தாங்க வேண்டிய மேற்பார்வையாளர்கள், உள்ளே இறங்கி ஒவ்வொரு தறியையும் தாமே நடத்தத் தொடங்கியது கரைவின் பெரும் பகுதியை விளக்குகிறது. தலைவரின் இடம் எல்லைக்கோடு என்பது டாவிஸ்டாக் மரபினர் வலியுறுத்திய கருத்து. அதாவது, வெளியிலிருந்து வர வேண்டிய நூல், பணம், தகவல் ஆகியவை தடையின்றி வருமாறு பார்த்துக்கொண்டு, உள்ளே நடக்கும் வேலையை அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுதல். வேலை வீட்டுக்குள் நடப்பதால் ஆரணியின் முதலாளிகளுக்கு இந்த நிலை இயல்பாகவே வாய்த்திருக்கிறது. நெசவாளரின் தோள்மேல் நின்று ஒவ்வொரு இழையையும் பார்க்க அவர்களால் முடியாது. அந்த வாய்ப்பை உணர்ந்து பயன்படுத்துபவர் குறைவு என்பதே வருத்தத்துக்குரியது. புதிய டிசைனை அட்டையில் ஏற்றிய பிறகே நெசவாளருக்குக் காட்டும் வழக்கத்தை மாற்றி, வரைபட நிலையிலேயே அனுபவமுள்ள இரண்டு மூன்று பேரைக் கேட்டால், எந்த இடத்தில் இழை இறுகும், எந்தக் கரை நேரத்தைத் தின்னும் என்பதை அவர்கள் சொல்லிவிடுவர். இந்த ஆலோசனைக்குச் செலவு எதுவுமில்லை.

அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலட் 1920-களிலேயே ஒருவர்மேல் செலுத்தும் அதிகாரத்தையும் ஒருவரோடு சேர்ந்து உருவாக்கும் அதிகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். பட்டுத் தொழிலில் முதல் வகை அதிகாரத்தின் கருவி முன்பணம். திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிய நெசவாளர் அதைத் தீர்க்கும்வரை வேறிடம் செல்ல இயலாது. இந்தப் பிடிப்பு ஆளைத் தக்கவைக்கிறது, ஆனால் அவருடைய யோசனையைத் தக்கவைப்பதில்லை. கடனுக்காக நெய்பவர் சொன்னதைச் செய்துவிட்டு எழுந்துவிடுகிறார். 2021-22-இல் கச்சாப் பட்டின் விலை கடுமையாக உயர்ந்தபோது இந்த வேறுபாட்டுக்குச் சோதனை வந்தது. அத்தகைய காலத்தில் சரக்கு வாங்க முடியாத நிலையை விலைச் சீட்டோடு எடுத்துக் காட்டி, கிடைக்கும் பாவை எல்லாத் தறிகளுக்கும் முறைவைத்துப் பகிர்பவருக்கும், காரணம் சொல்லாமல் தமக்கு நெருங்கியவர்களின் தறிகளை மட்டும் ஓடவிடுபவருக்கும் விலை திரும்ப இறங்கியபின் கிடைக்கும் ஒத்துழைப்பு ஒன்றாக இருப்பதில்லை.

கூட்டுறவு அமைப்பில் அதிகாரத்தைச் சேர்ந்து பகிர்வதற்குச் சட்டத்தின் துணை உண்டு. நிர்வாகக் குழு உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது விதி. எனினும் தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்களே சங்கங்களை நடத்திய நீண்ட காலங்களைத் தமிழகம் கண்டிருப்பதால், தலைமை தாங்கிப் பழகும் வாய்ப்பு நெசவாளர்களுக்கு விட்டு விட்டே கிடைத்துள்ளது. சங்க ஊழியர்களுக்கான கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் படிப்பில் கணக்கியல், கூட்டுறவுச் சட்டம், தணிக்கை ஆகியவை முதன்மை பெறுகின்றன. அவை தேவையானவையே. ஆனால் குறையுள்ள சேலையை மேசைமேல் வைத்துக்கொண்டு அதை நெய்தவரிடம் எவ்வாறு பேசுவது என்பதும் கற்பிக்கக்கூடிய, பயிற்சியால் தேறக்கூடிய திறமையாகும். மூத்த மேலாளர் ஒருவரின் அருகில் புதியவரைச் சில மாதங்கள் அமரவைத்து, ஒவ்வொரு நாளின் முடிவுகளையும் மாலையில் இருவரும் பேசிப் பார்ப்பதற்கு நிகரான பாடநூல் இல்லை. 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், தன் பட்டுச் சேலைகளோடு நெய்தவரின் பெயரும் புகைப்படமும் கொண்ட அட்டையை இணைத்தது, தொலைவிலிருக்கும் ஒரு தலைமை அலுவலகம் தறிக்கு முன் அமர்ந்திருப்பவருக்குத் தரக்கூடிய மரியாதைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

மரியாதை இன்று விருப்பப்பட்டால் தரக்கூடிய ஒன்றாக இல்லை. ஆரணியிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகள், மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் தந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்துள்ளன. நெசவுக் குடும்பத்துப் பெண் காலையில் கம்பெனி பேருந்தில் ஏறிவிட்டால் அந்த வீட்டில் தார் சுற்ற ஆளில்லை. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். எந்த வேளையில் தார் சுற்றுவது, பாவு பிணைப்பவரை எந்த நாளில் அழைப்பது, சேலையை முகூர்த்தத்துக்கு முன் முடிக்க யார் எத்தனை மணி அமர்வது, கூலி வந்ததும் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதையெல்லாம் பெரும்பாலான வீடுகளில் அவர்களே முடிவு செய்கின்றனர். நூல்கள் திட்டமிடல், பணிப்பங்கீடு, நிதி மேலாண்மை என்று வகைப்படுத்தும் வேலைகள் இவையே. இருந்தும் பாஸ் புத்தகம் பெரும்பாலும் ஆணின் பெயரில் இருக்கிறது. பேரவைக் கூட்டத்துக்கும் அவரே செல்கிறார். கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கான இடஒதுக்கீடு சட்டத்தில் இருப்பதால், ஒரே தறியில் உழைக்கும் கணவன் மனைவி இருவரையும் தனித்தனி உறுப்பினராகச் சேர்ப்பதிலிருந்து ஒரு சங்கம் தன் அடுத்த தலைவரைத் தேடத் தொடங்கலாம்.